உயிரியல் ஆய்வுகூடத்திலிருந்து சத்திரசிகிச்சைக் கூடம் வரை

(நூற்றாண்டு விழாவையொட்டிக் கண்டியில் நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில், ஒரே உயர்தர வகுப்பில் பயின்ற மூவர் சார்பில் வாசிக்கப்பட்ட உரை.)



இந்த மேடையில் நிற்பது ஒருத்திதான். பேசுவது மூவர். சங்கத்தார் எங்களைக் கேட்டது, சிறுநீர்த்தொகுதிச் சத்திரசிகிச்சை நிபுணராவது எப்படி, அதற்கு எங்கே விண்ணப்பிப்பது, எத்தனை வருடம் படிப்பது என்று உயர்தர மாணவியருக்கு எடுத்துச் சொல்லும்படி. அந்தத் துறையில் இருப்பவள் எங்களில் ஒருத்தி மட்டும். மற்றவள் மயக்கமருந்து வைத்தியர். மூன்றாமவள் தாதிய உத்தியோகத்தர். ஆனால் சத்திரசிகிச்சைக் கூடத்தில் யாரும் தனியாக நிற்பதில்லை. ஆகவே இந்த உரையையும் மூவரும் கூடி இருந்தே எழுதினோம். யார் எதைச் செய்தாள் என்று சொல்ல வேண்டிய இடத்தில் மட்டும் ‘எங்களில் ஒருத்தி’ என்போம். எங்கள் வகுப்பில் இருந்தவர்களுக்கு யார் எவள் என்று உடனே விளங்கிவிடும், அதற்கு நாங்கள் பொறுப்பில்லை.

எங்கள் உயிரியல் டீச்சர் ஒருநாள் கண்டிச் சந்தையில் இருந்து ஓர் ஆட்டுச் சிறுநீரகத்தை வாங்கிக்கொண்டு வந்தார். நெடுக்குவெட்டுமுகம் பாடப்புத்தகப் படத்தில்தான் இருந்தது. அதை உண்மையில் பார்க்க வேண்டும் என்பது அவரது பிடிவாதம். யார் வெட்டுகிறீர்கள் என்று கேட்டார். ஒருத்தி கத்தியை வாங்கி ஒரே இழுப்பில் இரண்டாகப் பிளந்தாள். அடுத்தவள் யன்னலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். மூன்றாமவள் அவளுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்து முதுகைத் தடவிவிட்டாள். கத்தி பிடித்தவள் சத்திரசிகிச்சைக்குப் போனாள், தண்ணீர் கொடுத்தவள் தாதியானாள் என்பதை நீங்கள் ஊகித்திருப்பீர்கள். வாந்தி எடுத்தவள்தான் இன்று நாள் முழுவதும் தியேட்டரிலேயே இருக்கும் மயக்கமருந்து வைத்தியர். ஆகவே இரத்தம் கண்டால் தலை சுற்றுகிறது, எனக்கு மருத்துவம் சரிவராது என்று யோசிக்கும் தங்கைமார் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் பாதையைச் சொல்லிவிடுகிறோம். உயர்தரத்தில் உயிரியல் பிரிவு. இசட் புள்ளியும் மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்து யார் உள்ளே போவது என்று தீர்மானிக்கும். அனுமதியில் நாற்பது வீதம் நாடளாவிய திறமை வரிசை, ஐம்பத்தைந்து வீதம் மாவட்ட அடிப்படை, மிகுதி ஐந்து வீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்கு. எங்களில் ஒருத்தி அந்த வரிசையில் மிகச் சிறிய புள்ளி வித்தியாசத்தில் வெளியே நின்றாள். இரண்டாம் முறை எழுத வீட்டில் வசதி இல்லை. அவள் கண்டித் தாதியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போனாள். மூன்று வருடத்தில் சம்பளத்தோடு வேலைக்கு வந்தாள். மற்ற இருவரும் பேராதனை மருத்துவ பீடத்துக்குப் போனோம். 1962இல் தொடங்கிய பீடம் அது, நாட்டின் இரண்டாவது மருத்துவ பீடம். படிப்பு ஐந்து வருடம் என்று காகிதத்தில் இருக்கும். இடையில் வேலைநிறுத்தங்கள், மூடல்கள் என்று அது நீளும்.

விரிவுரை ஆங்கிலத்தில். வார்ட்டில் பேசுவது சிங்களத்தில். நாங்கள் படித்துவிட்டுப் போனது தமிழில். ‘முன்னிற்குஞ் சுரப்பி’ என்று பாடப்புத்தகத்தில் மனப்பாடம் செய்தோமே, பல்கலைக்கழகத்தில் அது புரோஸ்டேட். வார்ட்டுக்குப் போனால் அந்த இரண்டு பெயரும் நோயாளிக்குத் தெரியாது. யாழ்ப்பாணத்து ஐயா ‘சலம் போகுதில்லை’ என்பார். புசல்லாவைப் பக்கத்துத் தாத்தா ‘ஒண்ணுக்கு வரமாட்டேங்குது டொக்டரம்மா, நீர் அடைச்சிருச்சி’ என்பார். சிங்களப் பெரியவர் ‘முத்ரா’ என்று வெட்கத்தோடு ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டு, ஆண் வைத்தியர் இல்லையா என்று பார்வையால் கேட்பார். ஒரே நோய், மூன்று பேச்சு. இதை எந்தப் புத்தகமும் கற்பிக்கவில்லை.

இங்கே ஒரு சின்னக் கிளைக்கதை. 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் எங்கள் மலைக்கு அப்பால் லூல்கந்துரவில் தேயிலை நாட்டிய ஆண்டு. எங்களில் பலருடைய குடும்பங்கள் இந்த மலைக்கு வந்த கதையின் ஒரு நுனி அங்கே இருக்கிறது. அதே 1867இல்தான் மானிப்பாயில் இருந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், ‘இரணவைத்தியம்’ என்ற பெயரில் ஒரு முழுச் சத்திரசிகிச்சை நூலைத் தமிழில் வெளியிட்டார். அவர் தம் மாணவருக்குத் தமிழிலேயே மேலைமருத்துவம் கற்பித்தார். அப்படிப் படித்தவர் நோயாளியிடம் பேசும்போது இடையில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. இது பழம்பெருமை பேசுவதற்காக அல்ல. ஏன் சொல்கிறோம் என்பது பின்னால் விளங்கும்.

இறுதிப் பரீட்சை முடிந்ததும் உடனே வேலை கிடைத்துவிடாது. உள்ளகப் பயிற்சி நியமனத்துக்காகப் பல மாதம் வீட்டில் இருக்க வேண்டும். அந்த மாதங்களில்தான் கலியாணப் பேச்சுகள் வீட்டுக்குள் வரும் என்பதையும் தங்கைமாருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கிறோம். பிறகு ஒரு வருட உள்ளகப் பயிற்சி, ஆறு மாதம் ஒரு பிரிவில், ஆறு மாதம் இன்னொன்றில். சத்திரசிகிச்சை வார்ட்டில் முதல் இரவு எங்களில் ஒருத்தியிடம் வந்தது சலம் அடைத்த ஒரு கிழவர். அடிவயிறு பூசணிக்காய் போல எழும்பி நிற்கிறது. அவர் அழவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பதினாறாம் நம்பர் பொலி கதீற்றர். அந்த நம்பர் என்னவென்றால், குழாயின் விட்டம் மில்லிமீற்றரில் எவ்வளவோ அதன் மூன்று மடங்கு. பதினாறு என்றால் ஐந்து மில்லிமீற்றருக்குச் சற்று மேல். அது உள்ளே போனதும் ஒரு லீற்றருக்கு மேல் வெளியே வந்தது. கிழவர் அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு ‘தெய்யோ’ என்றார். நோவு இவ்வளவு சீக்கிரமாக, இவ்வளவு முழுசாக நீங்குவதை வேறெந்தப் பிரிவிலும் அவள் பார்த்ததில்லை. அன்றிரவே தீர்மானித்துவிட்டாள்.

தீர்மானித்ததை வெளியே சொன்னபோதுதான் வேடிக்கை. ‘பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் அந்தத் துறை?’ வீட்டில் கேட்டார்கள், உறவினர் கேட்டார்கள், உடன் வேலை செய்தவர்கள் கேட்டார்கள். மேலே இருந்த ஒருவர், எந்த ஊர் எந்த வைத்தியசாலை என்று சொல்ல மாட்டோம், ‘கண், தோல், குழந்தை என்று நல்ல துறைகள் இருக்கும்போது ஆண்களின் நோயைப் பார்க்க வருகிறீர்களே, உங்களுக்கு நோயாளியே வரமாட்டான்’ என்றார். ஆண் வைத்தியர்கள் பிரசவம் பார்ப்பதைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. சிறுநீர்த்தொகுதி என்றால் ஆண்களின் நோய் என்பதே பிழையான எண்ணம். கல்லடைப்பு, கிருமித்தொற்று, பிள்ளைப்பேற்றுக்குப் பின் சலத்தை அடக்க முடியாமை எல்லாம் பெண்களுக்கும் உண்டு. அடக்க முடியாமல் பத்து வருடம் துணி வைத்துக்கொண்டு திரிந்த அம்மாமார், ஒரு பெண் கிளினிக்கில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டுப் பக்கத்து வீட்டுக்காரியையும் அழைத்துக்கொண்டு வருகிறார்கள். நோயாளியே வரமாட்டான் என்றவரின் வாக்கு அந்த அளவில் பலித்தது. வந்தவர்களில் பாதிப்பேர் பெண்கள்.

உலகம் முழுவதும் இதே நிலைதான். அமெரிக்காவில் 1962இல்தான் ஒரு பெண் முதன்முதலாகச் சிறுநீர்த்தொகுதிச் சத்திரசிகிச்சைச் சபையின் சான்றிதழ் பெற்றார். இன்றும் அங்கே பணியாற்றும் இத்துறையினரில் பெண்கள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர்தான்.

இனி விண்ணப்பம். வெளிநாட்டில் வாழும் அக்காமாரின் பிள்ளைகள் ‘ரெசிடென்சி’ என்று சொல்வார்கள். இலங்கையில் அந்தச் சொல் வழக்கில் இல்லை. நாங்கள் ‘ரெஜிஸ்ட்ரார்’ என்கிறோம். அமெரிக்காவில் மருத்துவக் கல்லூரி முடிக்கும் ஆண்டிலேயே வைத்தியசாலைகளுக்கு விண்ணப்பித்து, நேர்முகம் கண்டு, மாணவர் தமக்கு விருப்பமான இடங்களை வரிசைப்படுத்திக் கொடுக்க, வைத்தியசாலைகளும் தமக்கு விருப்பமானவர்களை வரிசைப்படுத்திக் கொடுக்க, இரண்டு பட்டியலையும் கணினி பொருத்தம் பார்க்கும். எங்கள் வீட்டுச் சாத்திரியார் செய்வது போலத்தான். சிறுநீர்த்தொகுதித் துறைக்கு இந்தப் பொருத்தம் மற்றத் துறைகளுக்கு முன்பாகவே, தனியாக நடந்துவிடும். இந்தியாவில் முதலில் பொதுச் சத்திரசிகிச்சையில் எம்.எஸ். முடித்து, பிறகு நுழைவுத் தேர்வு எழுதி மூன்று வருட எம்.சி.எச். படிக்க வேண்டும்.

இலங்கையில் வாசல் ஒன்றே. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் பட்டப்பின் மருத்துவ நிறுவகம். உள்ளகப் பயிற்சிக்குப் பின் ஒரு வருடமாவது சேவை செய்திருக்க வேண்டும். அதன்பின் சத்திரசிகிச்சைக்கான தெரிவுப் பரீட்சை. எங்களவள் அப்போது ஒரு சிறிய வைத்தியசாலையில் வேலை. இரவுக் கடமை முடித்து, அதிகாலைப் பஸ்ஸில் கண்டியில் இருந்து கொழும்புக்குப் போய்ப் பரீட்சை எழுதினாள். முதல் முறை தேறவில்லை. இரண்டாம் முறையும் தேறவில்லை. இதைச் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்டுக்கொண்டாள். மற்ற இருவரும் சேர்ந்து, சொல்லத்தான் வேண்டும் என்று வாக்கெடுப்பில் வென்றோம். விழா மலர்களில் பழைய மாணவியர் எல்லோரும் முதல் தடவையிலேயே தேறியவர்களாகவே காணப்படுகிறார்கள், அதைப் படிக்கும் பிள்ளைகள் தங்களில்தான் ஏதோ குறை என்று நினைத்துவிடுகிறார்கள். மூன்றாம் முறை தேறினாள்.

தேறிய பின் பதிவாளராக வருடக்கணக்கில் பயிற்சி. படிக்கும்போதே அரசாங்கச் சம்பளம் வரும் என்பது பலருக்குத் தெரியாது. பெற்றோர் கடன்பட வேண்டியதில்லை. பொதுச் சத்திரசிகிச்சை முதலில், இடையிடையே மற்றப் பிரிவுகள். ஒவ்வொரு சத்திரசிகிச்சையையும் ஒரு பதிவுக் கொப்பியில் எழுத வேண்டும்: பார்த்தது, உதவியது, மேற்பார்வையில் செய்தது, தனியே செய்தது. பிறகு எம்.டி. இறுதிப் பரீட்சை, எழுத்து, நோயாளி, வாய்மொழி என்று. எழுத்துத் தாளுக்கு ஆணா பெண்ணா என்பது தெரியாது, அது பெரிய ஆறுதல். வாய்மொழியில் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பார். ஆனாலும் நேர்மையாகச் சொன்னால், பரீட்சகர் எவரும் அவளிடம் தவறாக நடக்கவில்லை. மனத்தைத் தளர்த்தும் பேச்செல்லாம் நடைபாதையிலும் தேநீர் மேசையிலும்தான் வந்தது. அவள் காலத்தில், எம்.டி. தேறியவர்கள் பெறுபேற்று வரிசையில் துறையைத் தெரிந்தார்கள். சிறுநீர்த்தொகுதிக்கு இருந்த இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவளுக்கு முன்னால் நின்றவர்களில் எத்தனை பேர் அதைக் கேட்பார்கள் என்று நாங்கள் மூவரும் அன்று முழுவதும் தொலைபேசியில் கணக்குப் போட்டோம். கடைசி இடம் அவளுக்கு மிஞ்சியது. விதிமுறைகள் மாறிக்கொண்டே இருப்பவை. தங்கைமார் எங்கள் பேச்சை நம்பாமல், விண்ணப்பிக்கும் ஆண்டுக்கான நிறுவகத்தின் கையேட்டை வரிக்கு வரி படியுங்கள்.

அடுத்தது சிரேஷ்ட பதிவாளர் காலம். உள்நாட்டுப் பயிற்சியும், அதன்பின் வெளிநாட்டில் குறைந்தது ஒரு வருடமும். இந்தத் துறையின் வேலையில் பெரும்பகுதி வயிற்றைத் திறந்து செய்வதல்ல. 1870களின் இறுதியில் ஜெர்மானியரான நிட்சே சலப்பைக்குள் விளக்கோடு பார்க்கும் குழாயை உருவாக்கினார். அன்றிலிருந்து இது குழாய்க்குள்ளால் வேலை செய்யும் துறை. கை ஒரு இடத்தில், கண் திரையில். புரோஸ்டேட் வீக்கத்தைக் குழாய்வழியாகச் சீவி எடுக்கும் டி.யூ.ஆர்.பி.யைப் பழகும்போது, ‘தோடம்பழத்தின் தோலை விட்டுச் சுளையை மட்டும் உள்ளிருந்து எடுப்பதாக நினைத்துக்கொள்’ என்று அவளுடைய ஆசான் சொன்னார். அந்த மாதம் விடுதியில் நாங்கள் தின்ற தோடம்பழத்துக்குக் கணக்கில்லை.

இந்தச் சிகிச்சையில் ஓர் ஆபத்து உண்டு. சீவும்போது தெளிவாகத் தெரிவதற்காக ஒரு திரவத்தை ஓடவிட்டுக்கொண்டே இருப்பார்கள். பழைய முறையில் அது உப்பில்லாத திரவம். அறுபட்ட இரத்தக் குழாய்கள் வழியாக அது உடம்புக்குள் ஏறினால் இரத்தத்தில் சோடியம் இறங்கும், மூளை வீங்கும். அதனாலேயே முடிந்தவரை ஒரு மணித்தியாலத்துக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். நோயாளிக்கு முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்திருப்பதால் அவர் விழித்திருப்பார். ஆபத்தின் முதல் அறிகுறி மொனிட்டரில் அல்ல, அவருடைய பேச்சில் வரும். தடுமாறுவார், சம்பந்தமில்லாமல் பதில் சொல்வார்.

மயக்கமருந்து வைத்தியரான எங்களில் ஒருத்தி, ஒரு நாள் ஹட்டன் பக்கத்தில் இருந்து வந்த முதியவரின் தலைமாட்டில் இருந்தாள். அவருக்குத் தமிழ் மட்டுமே தெரியும். தோட்டத்துக் கோயில் திருவிழாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தாள். காவடி எந்தத் திசையில் இருந்து வரும், யார் பறை அடிப்பார்கள் என்று அவர் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். திடீரென்று, செத்துப்போன தம்பி வாசலில் நிற்கிறான், கதவைத் திறந்துவிடு என்றார். அவள் உடனே கையை உயர்த்தினாள். சத்திரசிகிச்சை அத்தோடு நிறுத்தப்பட்டது. இரத்தம் பரிசோதனைக்குப் போனது, சோடியம் இறங்கியிருந்தது. இரண்டு நாளில் தேறிவிட்டார். நாங்கள் அடிக்கடி நினைப்பது இதுதான்: தமிழ் தெரியாத ஒருவர் அந்தத் தலைமாட்டில் இருந்திருந்தால், கிழவர் ஏதோ சொல்கிறார் என்று தலையாட்டிக்கொண்டு இருந்திருப்பார். அது அவருடைய குற்றமாகவும் இருந்திருக்காது. இப்போது உப்பு நீரிலேயே செய்யக்கூடிய கருவிகள் வந்துவிட்டதால் இந்த ஆபத்து பெரிதும் குறைந்துவிட்டது. ஆனால் எல்லா இடத்துக்கும் எல்லாக் கருவியும் ஒரே நாளில் வருவதில்லை.

2022 வந்தது. பெற்றோல் வரிசை, பதின்மூன்று மணித்தியால மின்வெட்டு எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கும். மார்ச் மாத முடிவில் பேராதனை போதனா வைத்தியசாலை மருந்துத் தட்டுப்பாட்டால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகளை இடைநிறுத்த வேண்டிவந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. எங்களவள் இங்கிலாந்துப் பயிற்சிக்குப் புறப்பட வேண்டிய காலமும் அதுவே. ரூபாவின் பெறுமதி கண்முன்னால் விழுந்துகொண்டிருந்தது. விமானச் சீட்டுக்குச் சேர்த்த பணம் பாதிக்குக்கூடப் போதாது. தாயார் காப்பைக் கழற்றினார். மிகுதியை எங்களுக்கு மூன்று வகுப்பு மூத்த அக்கா ஒருவர், அவள் போகவிருந்த நகரத்திலேயே வாழ்பவர், பழைய மாணவியர் சங்கத்தின் மூலம் கேள்விப்பட்டு அனுப்பினார். முதல் மாதம் தங்க இடமும் கொடுத்தார். அவர் இன்று சபையில் இல்லை. பெயரைச் சொல்லக்கூடாது என்று கட்டளை. அக்கா, இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது இந்தப் பந்தியை இரண்டு தரம் படியுங்கள்.

அங்கே போன இலங்கை வைத்தியர்களில் பலர் திரும்பவில்லை. ஒப்பந்தப் பணத்தைக் கட்டியும் கட்டாமலும் தங்கிவிட்டார்கள். அவர்களைத் திட்டுவதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை. பிள்ளைக்குப் பால்மா கிடைக்காத மாதங்களில் எடுத்த முடிவு அது. இவள் திரும்பி வந்ததற்கும் பெரிய தேசபக்தி காரணமல்ல. அவள் புறப்படும் முன் நடந்த ஒரு விடயம் அவளை விடவில்லை, எங்கள் மூவரையுமே விடவில்லை.

தெல்தோட்டைப் பக்கத்தில் கொழுந்து பறிக்கும் ஓர் அம்மா. வயது நாற்பதுக்குச் சற்று மேல். சிறுநீர்க்கானில் கல் அடைத்து, ஒரு வைத்தியசாலையில் அதை எடுத்திருக்கிறார்கள். எடுத்தபின் கான் வீங்கி அடைபடாமல் இருக்க உள்ளே ஒரு மெல்லிய குழாய் வைப்பார்கள். சிறுநீரகத்தில் ஒரு சுருள், சலப்பையில் ஒரு சுருள். வெளியே ஒன்றும் தெரியாது. ஸ்டென்ட் என்பார்கள். அது சில வாரங்களுக்கு, கூடினால் மூன்று மாதம் வரைக்குத்தான். பிறகு எடுத்துவிட வேண்டும். அந்த அம்மாவின் கிளினிக் கொப்பியில் அது ஆங்கிலத்தில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. சிங்களத்தில் வாயாலும் சொல்லியிருக்கிறார்கள். அவர் தலையாட்டியிருக்கிறார். நோவு போய்விட்டது, நாட்சம்பளத்தை விட்டுவிட்டு ஏன் போவது என்று இருந்துவிட்டார். உள்ளே ஒரு குழாய் இருப்பதே அவருக்குத் தெரியாது.

இரண்டரை வருடம் கழித்துக் காய்ச்சலும் நடுக்கமுமாக எங்களிடம் வந்தார். எக்ஸ்-ரேயில் குழாய் முழுவதும் கல் படிந்து, மேல் நுனியில் எலுமிச்சங்காய் அளவு கட்டியாக இருந்தது. மூன்று சத்திரசிகிச்சைகள். இருவர் தியேட்டருக்குள், ஒருத்தி வார்ட்டில், மூவரும் அந்த ஒரே நோயாளியைப் பார்த்தோம். குழாயை எடுத்துவிட்டோம். ஆனால் அந்தப் பக்கச் சிறுநீரகம் வேலையை நிறுத்தியிருந்தது. பிறகு அதையும் எடுக்க வேண்டிவந்தது. விடயத்தைத் தமிழில் விளக்கியபோது அவர் கோபப்படவில்லை. ‘டியூப்பு இருக்குன்னு சொல்லியிருந்தா நடந்தாவது வந்திருப்பேனே’ என்றார். அவ்வளவுதான்.

தாதியான எங்களில் ஒருத்தி அன்று மாலையே கொப்பி ஒன்றை வாங்கினாள். யாருக்கு எந்தத் திகதியில் குழாய் வைக்கப்பட்டது, எந்தத் திகதிக்குள் எடுக்க வேண்டும், தொலைபேசி இலக்கம், தொலைபேசி இல்லாவிட்டால் தோட்டத்துப் பிள்ளைமடுவம் அல்லது பக்கத்துக் கடையின் இலக்கம். திகதி வந்தும் ஆள் வராவிட்டால் அவளே அழைத்துப் பேசுவாள். அழைப்புக் காசு அவளுடையது. பெரிய வைத்தியசாலைகள் சிலவற்றில் இதற்குக் கணினிப் பதிவேடு வந்துவிட்டது. அவளுடைய கொப்பி இன்னும் ஓடுகிறது. வெளிநாட்டுப் பயிற்சி முடித்து வந்தவள் முதல் வேலையாக அந்தக் கொப்பியைத்தான் கேட்டாள். விடுபட்டவர்கள் நான்கு பேர் இருந்தார்கள். நால்வரையும் கண்டுபிடித்துவிட்டோம், ஒருவரை ரங்கலைக்கே பஸ் ஏறிப் போய்.

நிபுணர் சான்றிதழுக்கு முன் இறுதி மதிப்பீடு ஒன்று உண்டு. அதுவும் முடிந்து சபையின் சான்றிதழ் கிடைத்தபோது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. உயர்தரம் எழுதியது பத்தொன்பதில். நடுவே கலியாணம், ஒரு பிள்ளை, அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட மாமியார். ஆம், மாமியார்தான். அந்த அம்மா இல்லாவிட்டால் பதிவுக் கொப்பியில் பாதிப் பக்கம் வெறுமையாக இருந்திருக்கும். எல்லோருக்கும் அப்படி ஒரு மாமியார் வாய்க்காது என்பதையும், வாய்க்காததால் இடையில் நிறுத்திய திறமைசாலிகள் எங்கள் வகுப்பிலேயே இருக்கிறார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறோம்.

மேடை கிடைத்திருப்பதால் இரண்டு விடயங்களை எல்லோருக்குமாகச் சொல்லிவிடுகிறோம். ஆண் பிள்ளை வைத்திருக்கும் தாய்மாருக்கு: பையன் திடீரென்று விதையில் கடும் நோவு என்றால், வெட்கத்தில் அடிவயிற்று நோவு என்று மழுப்புவான். விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். ஏறத்தாழ ஆறு மணித்தியாலத்துக்குள் சரிசெய்யாவிட்டால் இழக்க நேரும். காலையில் பார்ப்போம் என்று இருக்க வேண்டாம், இரவோடு இரவாகக் கொண்டுபோங்கள்.

அடுத்தது பெண் பிள்ளைகளுக்கு. எங்கள் காலத்தில் காலை ஏழு மணிக்கு வந்து இரண்டு மணி வரை நாங்கள் ஒருவரும் பாடசாலைக் கழிப்பறைப் பக்கம் போனதில்லை. ஏன் என்று இங்கே சிரிப்பவர்களுக்குத் தெரியும். போகாமல் இருப்பதற்காகத் தண்ணீரே குடிக்க மாட்டோம். இன்று கொழுந்து மலையில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள் செய்வதும் அதையேதான், மலையில் அவர்களுக்கு மறைவிடம் இல்லை. தண்ணீர் குடிக்காமல், அடக்கிக்கொண்டு இருந்து வரும் கிருமித்தொற்றோடும் கல்லோடும் அவர்கள் எங்கள் கிளினிக்குக்கு வருகிறார்கள். நூற்றாண்டு நினைவாக எதைக் கட்டலாம் என்று சங்கம் கேட்டிருந்தது. மணிக்கூட்டுக் கோபுரம் என்று ஒரு யோசனை இருப்பதாக அறிகிறோம். நல்ல தண்ணீரும் உள்ளிருந்து பூட்டக்கூடிய கதவும் உள்ள இருபது கழிப்பறைகள் என்பது எங்கள் மூவரின் யோசனை. திறப்பு விழாவுக்கு நாடா வெட்ட ஒரு சத்திரசிகிச்சை நிபுணர் இலவசமாகக் கிடைப்பார்.

கடைசியாக, வாசல் மேசையில் நீல நிற அட்டைகள் வைத்திருக்கிறோம். மேலே தமிழில் பெரிய எழுத்தில், ‘என் உடம்புக்குள் ஒரு குழாய் இருக்கிறது. இதை இந்தத் திகதிக்குள் எடுக்க வேண்டும்’ என்று இருக்கிறது. கீழே சிங்களத்திலும் ஆங்கிலத்திலும். திகதி எழுத ஒரு பெட்டி. வாசிக்கத் தெரியாதவருக்காக ஒரு படமும் உண்டு, சித்திரப் பாட ஆசிரியையாக இருக்கும் எங்கள் வகுப்புத் தோழி வரைந்தது. தோட்டப் பாடசாலைகளில் படிப்பிக்கும் அக்காமார், மருந்தகங்களில் வேலை செய்பவர்கள், கம்பளை, நாவலப்பிட்டி, மடுல்கலைப் பக்கம் போகிறவர்கள் ஐம்பது ஐம்பதாக எடுத்துச் செல்லுங்கள். முடிந்துவிட்டால் சங்கச் செயலாளரிடம் சொல்லுங்கள், இன்னும் அச்சடிப்போம்.